களவோட்டமும் காவலும்

ஸாப்ட்பால் என்னும் ஆட்டம் நம் மாணாக்கருட் பலர்க்குப் பெயரளவிலேயே அறிமுகமானது. நம் மைதானத்தின் கிழக்கோரத்தில், பக்கத்துப் பள்ளிகளிலிருந்து வரும் சிறுமியர் தலைக் கவசமும் தோற் கையுறையும் அணிந்து ஆடுவதைக் கண்டு, "இது என்ன, புதுவிதக் கிரிக்கெட்டா?" என்று வினவினோர் பலர். அன்னார்க்கு விடை கூறவும், அச்சிறுமியரைப் பயிற்றும் பணியில் சில ஆண்டுகளாக என் மனத்துள் நடந்துவரும் ஒரு வழக்கை வாசகர் முன்னிலையில் வைக்கவும் இதனை எழுதத் துணிந்தேன். வழக்கு இதுதான்: வலிய அணியொன்று, எளிய அணியின் சிறுமியர்க்குப் பந்தை விரைந்தெறியும் வலிமை இன்னும் வாய்க்கவில்லை என்பதையறிந்து, ஓயாது ஓடி ஓடியே வெற்றி கொள்ளுதல் தகுமா, தகாதா?

முதலில் ஆட்டத்தின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். 1887-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், நன்றி கூறும் திருநாளன்று, அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரில் ஒரு படகுச் சங்கத்தின் மாளிகையில் இளைஞர் சிலர் கூடியிருந்தனர். குத்துச்சண்டைக் கையுறை யொன்றைச் சுருட்டிக் கட்டிப் பந்தாகவும், துடைப்பக் கழியை மட்டையாகவும் கொண்டு ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அங்குத் தொடங்கி வைத்த விளையாட்டே இது. பேஸ்பால் ஆட்டத்தை வீட்டுக்குள் ஆடும் உபாயமாகத் தோன்றியது, பின்னர் வெளியே வந்து தனி ஆட்டமாயிற்று. இப்பொழுது வழங்கும் பெயரை 1926-இல் சூட்டியவர் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தைச் சேர்ந்த வால்ட்டர் ஹகன்சன் என்பர். சென்னையில் 1920-இல் ஹாரி குரோ பக் என்னும் பெரியார் தேகப் பயிற்சிக் கல்லூரியைத் தோற்றுவித்ததும் அச்சங்கத்தின் சார்பிலேயாதலின், மிஷன் கல்லூரியாகிய நமக்கு இவ்வாட்டத்தோடு ஒருவகை உறவுண்டென்று சொல்லிக்கொள்ளலாம். 'ஸாப்ட்' என்றால் மென்மை என்று பொருள் கொண்டு எவரும் ஏமாறற்க. 12 அங்குலச் சுற்றளவுள்ள அப்பந்து முழங்கால் எலும்பிற் பட்டால் அதன் மென்மை நன்கு விளங்கும்.

மைதானத்தில் நான்கு பேஸ்கள் ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளில் உள்ளன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 60 அடி. பந்தடித்தவள் ஒவ்வொரு பேஸாகக் கடந்து, புறப்பட்ட இடமாகிய ஹோம் என்பதை மீண்டும் அடைந்தால் ஓர் ஓட்டம். தோழி ஒருத்தி பந்தை அடித்துத் தன்னை முன்னே செலுத்தும் வரை காத்திராமல், பந்து பிட்சரின் கையை விட்டு நீங்கிய கணத்திலேயே அடுத்த பேஸை நோக்கிப் பாய்ந்துவிடுதல் உண்டு. இதனையே 'பேஸ் திருடுதல்' என்கின்றனர். யான் களவோட்டம் என்பேன். பேஸ்பாலில் ஓட்டக்காரன் பந்து எறியப்படுமுன்னரே சில அடிகள் விலகி நின்றுகொள்ளலாம். அங்குப் பேஸ்களின் இடையே 90 அடி தூரம் இருத்தலின் அதற்கு இடமுண்டு. 60 அடியே உள்ள ஸாப்ட்பாலில் அச்சலுகை இல்லை. பந்து கையை விடுமுன் காலை எடுத்தவள் அவுட்.

இக்களவின் கணக்கு விநாடியின் கூறுகளால் ஆனது. வயது வந்த பெண்கள் ஆடும் ஆட்டத்தில் பிட்சர் 43 அடித் தூரத்திலிருந்து எறிகின்றாள். சிறுமியர்க்கு அத்தூரம் இன்னும் குறைவு. ஹோமின் பின்னே அமர்ந்திருக்கும் கேட்சர் அப்பந்தைப் பிடித்து, எழுந்து, இரண்டாம் பேஸுக்கு எறிய வேண்டும். சதுரத்தின் குறுக்கே அளந்தால் அது ஏறத்தாழ 85 அடி. பந்து பிட்சரிடமிருந்து வர முக்கால் விநாடி என்றும், கேட்சர் பிடித்தெறிந்த பந்து இரண்டாம் பேஸைச் சேர இரண்டே முக்கால் விநாடி என்றும், ஓடுபவள் 60 அடியைக் கடக்க மூன்றரை விநாடி என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இருபுறமும் சரியாக மூன்றரை! கேட்சர் எழும்போது கால் தடுமாறினாலும், பந்து ஓரடி உயர்ந்து சென்றாலும், அங்கே வாங்குபவள் குனிந்து ஓட்டக்காரியின் காலைத் தொடக் கண் இமைக்கும் நேரம் தாமதித்தாலும் களவு கைகூடிவிடும். பன்னிரண்டு வயதுச் சிறுமியின் தோள் வலிமைக்கு அவ்வெறி தரையில் ஒருமுறை குதித்தே போய்ச் சேரும். ஆகவே அவ்வயதில் ஆட்டம் பெரும்பாலும் ஓடுவோர் பக்கமே சாய்ந்திருக்கின்றது. இதனை நன்கறிந்த பயிற்சியாளர் சிலர், மட்டை பிடிக்கக் கற்பிக்கு முன்னரே ஓடக் கற்பித்து விடுகின்றனர்.

களவுகளிலும் வகையுண்டு. நேரே பாய்வது ஒன்று. மற்றொன்று சோம்பலைத் திருடுவது. கேட்சர் பந்தைப் பிடித்துவிட்டாள், ஆபத்து நீங்கியது என்று எல்லோரும் மூச்சு விடும் வேளையில், அவள் பிட்சருக்குப் பந்தை மெல்லத் திருப்பி எறிகிறாளே, அந்த வளைவான எறியின் நிழலில் ஓடிவிடுவது. பந்தை மெல்லத் தட்டி முன்னே விழச் செய்யும் 'பண்ட்' அடியின்போது மூன்றாம் பேஸ்காரி பந்தை எடுக்க முன்னே ஓடிவர, அவள் விட்டுவந்த பேஸில் ஒருவரும் இல்லாமையைக் கண்டு, முதற் பேஸிலிருந்தவள் இரண்டிலும் நில்லாமல் மூன்று வரை செல்வதும் உண்டு.

இவை எல்லாவற்றினும் சிறுமியரைத் திகைக்க வைப்பது வேறொன்று. மூன்றாம் பேஸில் எதிரணியாள் ஒருத்தி நிற்கின்றாள். மட்டைக்காரிக்கு நான்கு பந்துகள் தவறாக எறியப்பட்டமையால் முதற் பேஸ் இலவசமாகக் கிடைக்கின்றது. அவள் மெல்ல நடந்து செல்கின்றாள். முதற் பேஸை மிதித்ததும், நிற்காமல், இரண்டாம் பேஸை நோக்கி அம்புபோலப் பாய்கின்றாள். அவளைத் தடுக்க இரண்டாம் பேஸுக்குப் பந்தை எறிந்தால், மூன்றாவதில் நிற்பவள் ஹோமுக்குள் புகுந்துவிடுவாள். எறியாவிட்டால் ஒரு பேஸ் கொள்ளை போயிற்று. கையிற் பந்துடன் பிட்சர் அங்கும் இங்கும் பார்த்து நிற்பாள். பெற்றோர் வேலியோரத்திலிருந்து, "எறி, எறி!" என்று ஒரு சாராரும், "எறியாதே!" என்று மற்றொரு சாராரும் கூவுவர். அழுகை வந்துவிடும் பிள்ளைகளை யான் கண்டிருக்கிறேன்.

இங்ஙனமான ஓர் ஆட்டம் எங்கள் சிறுமியர்க்கும் வாய்த்தது. அணி கூடி மூன்று மாதமே ஆகியிருந்தது. வந்த அணியோ சில ஆண்டுகள் பழகியது. ஊரும் பெயரும் இங்கு வேண்டா. ஐந்து இன்னிங்ஸ் முடிந்தபின் 7 ஓட்டங்களோ அதற்கு மேலோ முன்னே நிற்கும் அணி வென்றதாக ஆட்டத்தை முடித்துவிடும் கருணை விதி ஒன்று உண்டு. அன்று அவ்விதி எங்களைக் காத்தது. ஆட்டம் முடிந்ததும் எங்கள் கேட்சர், எட்டாம் வகுப்பில் படிப்பவள், முழங்காற் கவசங்களைக் கழற்றி என் முன்னே வைத்து, "சார், இனி எனக்கு இந்த இடம் வேண்டாம். எல்லாம் என்னாலேதான் போயிற்று" என்றாள். கண்ணீர் இல்லை. அதுவே எனக்கு அதிக வருத்தம் தந்தது.

அவளைப் பக்கத்தில் அமர்த்தி, "என்னம்மா, எல்லாம் என்றால் எத்தனை? எண்ணிப் பார்ப்போம்" என்று ஸ்கோர் புத்தகத்தைத் திறந்தேன். எதிரணியார் திருடியவை 11. ஒவ்வொன்றாக நினைவு கூர்ந்தோம். நான்கில், பிட்சரின் பந்து அவளுக்கு முன்னே தரையில் மோதிச் சிதறியது. அவற்றைப் பிடித்து எறிதல் எவராலும் இயலாது. மூன்றில், அவள் எறிந்த பந்து சரியாகவே சென்றது. ஆனால் வாங்குவதற்குப் பேஸில் ஆள் இல்லை. ஷார்ட் ஸ்டாப், இரண்டாம் பேஸ்காரி ஆகிய இருவரும் 'அவள் போவாள்' என்று நின்றுவிட்டனர். இரண்டு, திருப்பி எறியும் பந்தின் நிழலில் நடந்த சோம்பற் களவு. எஞ்சியவை இரண்டே. அவ்விரண்டும் அவள் எறியில் நேர்ந்த தாமதம். "எனது இரண்டுதானா சார்?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

களவோட்டத்தின் பழி முழுவதும் கேட்சரின் தலையில் விழுவது இவ்வாட்டத்தின் பெரும் அநீதி. பார்ப்போர் கண்ணுக்கு அவள் எறிவதும் ஓட்டக்காரி தப்புவதும் மட்டுமே தெரிகின்றன. உண்மையில் காவல் ஒன்பதின்மர்க்கும் உரியது. நம் ஊர்த் திண்ணைகளில் கீறிவைத்திருக்கும் ஆடு புலி ஆட்டத்தை அறியாதார் யார்? புலி மூன்று, ஆடு பதினைந்து. ஆடு ஒன்றேனும் புலியைக் கொல்லவல்லதன்று. தனக்குப் பின்னுள்ள புள்ளி வெறுமையாக இருக்கும் ஆட்டையே புலி தாண்டி வெட்டுகின்றது. பின்னே மற்றோர் ஆடு நின்றால் அதனை ஒன்றும் செய்ய இயலாது. எறியப்படும் ஒவ்வொரு பந்துக்கும் பின்னே ஒருத்தி நிற்க வேண்டும் என்பதை எங்கள் சிறுமியர்க்கு விளக்க இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டாம் பேஸின் பின்னே சென்டர் பீல்டர் ஓடிவந்து நின்றால், தவறிய எறியால் ஒரு பேஸே போகும். நில்லாவிட்டால் ஓட்டமே போகும்.

அடுத்த மூன்று மாதங்கள் நாங்கள் மட்டையைத் தொட்டது மிகக் குறைவு. எறியும் வேகத்தைக் கூட்டவும் முயலவில்லை. பன்னிரண்டு வயதுத் தோளை அவசரப்படுத்துவது வைத்தியரிடம் கொண்டுபோய் விடும். கற்பித்தது வேறு. பிட்சரைச் சுற்றி 8 அடி ஆரமுள்ள வட்டம் ஒன்று கீறப்பட்டிருக்கும். பிட்சர் பந்தைக் கையிற் கொண்டு அவ்வட்டத்துள் நின்றாளாயின், பேஸை விட்டு நிற்கும் ஓட்டக்காரி உடனே முன்னே போதல் வேண்டும், அல்லது பின்னே மீளுதல் வேண்டும். இரண்டுமின்றித் தயங்கி நின்றால் அவுட். பிட்சர் எறிவதுபோலக் கையை ஓங்கினாலோ அக்கட்டு அவிழ்ந்துவிடும். ஆதலின் பிட்சர்க்கு யான் கற்பித்த முதல் வித்தை, சும்மா நிற்பது. பதறிய பிள்ளைக்குச் சும்மா நிற்பதைப்போலக் கடினமானது வேறில்லை. ஆனால் அவள் அங்ஙனம் நின்றால், மூன்றாம் பேஸிலிருப்பவள் பேஸை விட்டு ஆடிக் காட்டி அச்சுறுத்த முடியாது.

கேட்சர்க்குக் கற்பித்தது: பந்தைத் திருப்பி எறியுமுன் எழுந்து ஓட்டக்காரியின் முகத்தைப் பார். அவள் பேஸுக்குத் திரும்பும் வரை பார். எறிவது அதற்குப் பிறகு. இதனாற் சோம்பற் களவு ஏறக்குறைய மறைந்தே போயிற்று. நடந்து சென்று பின் பாய்கிறவளுக்கு மருந்து வேறு. பந்தை இரண்டாம் பேஸுக்கு அனுப்பாமல், முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே வந்து நிற்கும் இரண்டாம் பேஸ்காரியிடம் கொடுத்துவிடுவது. அவள் பாய்கிறவளை வந்த வழியே துரத்துவாள். ஆனால் ஒரு கண் எப்பொழுதும் மூன்றாம் பேஸின் மேல் இருக்கும். அங்கிருப்பவள் புறப்பட்டால் உடனே ஹோமுக்கு எறிவாள்.

இரு பேஸ்களுக்கு இடையே அகப்பட்டவளைப் பிடிப்பதில் எங்கள் சிறுமியர்க்குத் தாமே ஒரு திறமை இருந்தது. சடுகுடு ஆடிய கால்கள் அல்லவா! ஆயினும் ஒன்றைத் திருத்த வேண்டியிருந்தது. பந்தை இருவரும் மாறி மாறி எறிந்துகொண்டே இருப்பர். நான்காவது எறியோ ஐந்தாவதோ தவறும். எறி ஒன்று போதும். பந்தைக் கையுறையிலிருந்து எடுத்து உயரத் தூக்கிப் பிடித்து, அகப்பட்டவளை முழு வேகத்தில் துரத்து. புறப்பட்ட பேஸை நோக்கியே துரத்து. அவள் திரும்பி ஓடத் தொடங்கியபின் அங்கிருப்பவளிடம் கொடு. பந்தில்லாதவள் பாதையை மறித்து நின்றால் அது நமது குற்றம். அம்பயர் அவளுக்குப் பேஸை வழங்கிவிடுவார்.

இனி வழக்கிற்கு வருவோம். நம் கல்லூரியின் பழைய மாணவரும் என் நண்பருமான ஒருவர், "களவு என்ற பெயரே போதாதா? குழந்தைகளின் பலவீனத்தை வேட்டையாடுவது விளையாட்டாகுமா?" என்பார். அமெரிக்க நாட்டிலும் மிகச் சிறு வயதினர்க்கான சில லீக்குகள் களவோட்டத்துக்கு வரம்பு கட்டியிருக்கின்றன. ஹோமைத் திருடலாகாது என்றும், ஒரு பந்துக்கு ஒரு பேஸ் மட்டுமே என்றும் வகுத்திருக்கின்றன. பத்து வயதிற்குட்பட்டார்க்கு அவ்வரம்பு நன்றென்றே யானும் கருதுகிறேன். பந்தைப் பிடிக்கவே இன்னும் அறியாத பிள்ளைக்கு முன்னே ஓடுவது ஆட்டமன்று. பன்னிரண்டைக் கடந்தவர்க்கோ என் எண்ணம் வேறு. எவரும் ஓடாத ஆட்டத்தில் ஷார்ட் ஸ்டாப் எதற்காகப் பேஸை நோக்கி ஓடக் கற்பாள்? வரம்பு கட்டிய ஆட்டத்தில் மூன்றாண்டு வளர்ந்த பெண்ணுக்கு நான்காம் ஆண்டில் வரம்பு நீங்கினால், அன்றுதான் அவள் எங்கள் கேட்சர் போலக் கவசத்தைக் கழற்றி வைப்பாள். அப்பொழுது வயதும் கூடியிருக்கும், நாணமும் கூடியிருக்கும்.

எதிர்ப்பக்கத்தையும் சும்மா விடுதற்கில்லை. பத்து ஓட்டம் முன்னே நின்றும் இன்னும் திருடச் சொல்லும் பயிற்சியாளர் தம் அணிக்கும் தீங்கே செய்கின்றனர். தடுக்க இயலாதார் முன்னே ஓடி ஓடிப் பழகிய பெண், பந்தைப் பார்த்து ஓடும் பழக்கத்தையே இழந்துவிடுகின்றாள். நல்ல கேட்சர் ஒருத்தியை முதன்முதலாகச் சந்திக்கும் நாளில் முதற் களவிலேயே அவள் அவுட்டாவதை நான் பன்முறை கண்டதுண்டு. டோக்கியோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில், அது 2021-இல் நடந்தது, ஆறாம் இன்னிங்ஸில் அமெரிக்க வீராங்கனை ஓங்கி அடித்த பந்து ஜப்பானிய மூன்றாம் பேஸ்காரியின் கையில் பட்டுத் தெறித்தது. அது தரையைத் தொடுமுன் ஷார்ட் ஸ்டாப்பாகிய மானா அட்சுமி பிடித்து, உடனே இரண்டாம் பேஸுக்கு எறிந்தார். அங்கிருந்து முன்னே நகர்ந்துவிட்ட ஓட்டக்காரி மீள இயலாமல் அவுட்டானார். ஜப்பான் 2-0 என்று வென்றது. அத்தெறிப்பை முன்னறிந்து ஓடுதல் எவர்க்கும் இயலாது. தெறித்த பந்தின் பக்கத்தில் ஆள் இருந்தமையே அங்குக் காரியத்தை முடித்தது.

ஓட்டத்தின் பக்கம் நின்று ஒரு சொல் சொல்லாமல் விடவும் மனமில்லை. பேஸ்பால் உலகில், 1955-ஆம் ஆண்டு உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், முப்பத்தாறு வயதான ஜாக்கி ராபின்சன் ஹோமையே திருடினார். 'அவுட்' என்று கேட்சர் யோகி பெர்ரா அம்பயரிடம் குதித்துக் குதித்து வாதாடினார். ராபின்சனின் அணி அவ்வாட்டத்தில் தோற்றது, தொடரை வென்றது. அவ்வோட்டத்தை இன்றும் படங்களிற் பார்க்கும்போது, காவலின் பக்கம் நிற்கும் எனக்கே உள்ளம் துள்ளுகின்றது. ஆகவே எங்கள் சிறுமியர்க்கு ஓடவும் கற்பித்தோம். காவற் பயிற்சிக்குத் திருடர் வேண்டுமல்லவா? நாள்தோறும் பாதிப் பேர் திருடர், பாதிப் பேர் காவலர். கேட்சரும் வாரத்தில் இரு நாள் திருடினாள். தான் எந்தக் கணத்தில் ஓடத் துணிகிறாள் என்பதை அறிந்தபின், பிறர் எக்கணத்தில் துணிவர் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

அதே அணியை மீண்டும் சந்தித்தோம். மூன்றாம் இன்னிங்ஸில் முதற் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் அவர்கள் ஆள் நின்றனர். முதலிலிருந்தவள் வழக்கம்போலப் பாய்ந்தாள். எங்கள் கேட்சர் இரண்டாம் பேஸை நோக்கிக் கையை முழுதும் வீசினாள். பந்து கையிலேயே இருந்தது. மூன்றிலிருந்தவள் நாலைந்து அடி முன்னே வந்துவிட்டாள். அடுத்த கணம் பந்து மூன்றாம் பேஸ்காரியின் கையுறையில் இருந்தது. வேலியோரத்தில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் எதிரணியின் பயிற்சியாளரே கை தட்டினார்.

ஆட்டத்தில் நாங்கள் 5-க்கு 6 என்று தோற்றோம். மட்டைப் பயிற்சியைக் குறைத்தமையின் விலை அது என்று என் நண்பர் கூறினார், இருக்கலாம். ஸ்கோர் புத்தகத்தில் எதிரணியின் களவு 3. ஓடி அகப்பட்டோர் 4. ஆட்டம் முடிந்ததும் அவள் கவசத்தோடேயே என்னிடம் வந்து, "சார், அந்த மூன்றில் எனது எத்தனை?" என்று கேட்டாள். ஒன்று என்றேன். ஐந்தாம் இன்னிங்ஸில் பந்தைக் கையுறையிலிருந்து எடுக்கும்போது விரல் நழுவியதே, அதுதான் என்று அவளே சொன்னாள்.